சர்க்கரை நோயுள்ள நாய்க்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி: முழுமையான வழிகாட்டி

எங்கள் மீனுவுக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஒன்பது கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ். காலையும் இரவும் 4 யூனிட். முதல் நாள் என் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி மருந்து அவள் முடியில்தான் போனது. அதன்பிறகு தெருவில் மூன்று வீட்டாருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் பயப்படுவது குத்துவதற்கு. ஆனால் தவறு நடப்பதெல்லாம் குத்துவதற்கு முன்னால், அளவிலும் வரிசையிலும். அதனால் குத்தும் கட்டம் இந்த வழிகாட்டியில் ஒன்பதாவதாகத்தான் வருகிறது. நேரே அங்கே தாவிவிடாதீர்கள்.

1. எதை வீட்டில் போடலாம், எதைப் போடக் கூடாது

இன்சுலின் தோலுக்கு அடியில் போடும் ஊசி. நாய்களுக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. தினம் இரண்டு தடவை ஆட்டோ பிடித்து கிளினிக் போக யாராலும் முடியாது. அதனால்தான் டாக்டரே நம் கையில் கொடுக்கிறார்.

இதைக் கற்றுக்கொண்ட தெம்பில் மற்ற ஊசிகளிலும் கை வைக்காதீர்கள். தடுப்பூசிக்கு ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களில் நாய் சரிந்துவிடும். காப்பாற்றும் மருந்து கிளினிக்கில்தான் இருக்கும். தொடைத் தசையில் போடும் ஊசி இடம் தவறினால் நரம்பில் பட்டுக் கால் இழுத்துக்கொள்ளும். உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் கோலி போன்ற சில இனங்களுக்கு மூளை வரை போய் விஷமாகும். ரத்தக்குழாயில் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

2. டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் கேட்டு வந்தால் இரவு எட்டு மணிக்குக் குழப்பம் வரும். ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: மருந்தின் முழுப் பெயர், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் உள்ள குப்பி, எந்த சிரிஞ்ச், வேளைக்கு எத்தனை யூனிட், எந்தெந்த நேரம். இவை ஐந்தும் பெரும்பாலும் சீட்டிலேயே இருக்கும்.

யாரும் கேட்காமல் விடுவது அடுத்த மூன்றும்தான். நாய் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? பாதி சாப்பிட்டு நிறுத்தினால்? சாப்பிட்டதை வாந்தி எடுத்தால்? சில டாக்டர்கள் பாதி அளவு போடச் சொல்வார்கள், சிலர் அந்த வேளையை விடச் சொல்வார்கள். அது அந்த நாயையும் அந்த மருந்தையும் பொறுத்தது. உங்கள் நாய்க்கு எது என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வி எப்போதும் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் வரும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் அதே தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் அதையும் இப்போதே பேசுங்கள். பருவம் முடிந்தபின் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், சர்க்கரை இறங்காது.

3. குப்பியும் சிரிஞ்சும் ஜோடியா என்று பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நம் ஊர் மருந்துக்கடையில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. லேபிளில் 40 ஐ.யு./மி.லி. அல்லது 100 ஐ.யு./மி.லி. என்று அச்சிட்டிருக்கும். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு: யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு நிறமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மூடியை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். யு-40 சிரிஞ்சில் 4 என்ற கோடு 0.1 மில்லிலிட்டர். அதில் 100 யூனிட் குப்பி மருந்தை 4 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 10 யூனிட். இரண்டரை மடங்கு. சின்ன நாயைக் கொல்ல இது போதும். மாறாக, யு-100 சிரிஞ்சில் 40 யூனிட் குப்பி மருந்தை 4 கோடு வரை எடுத்தால் போவது 1.6 யூனிட் மட்டும். நாய் உடனே விழாது. ஆனால் வாரக்கணக்கில் தண்ணீர் குடித்துக்கொண்டும் மூத்திரம் போய்க்கொண்டும் இளைத்துக்கொண்டும் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்கள் டாக்டரை மாற்றுவீர்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. முதல் பாக்கெட் சரியான சிரிஞ்ச். இரண்டாவது பாக்கெட் வாங்கப் பையனை அனுப்பினார். கடைக்காரர் 'இன்சுலின் சிரிஞ்ச் தானே தம்பி' என்று கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டார். இருபது நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். காலி பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டி அதையே கேளுங்கள். வீட்டில் இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டாம்.

மனக்கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், மின்வெட்டில் அந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கும். வேண்டாம்.

இன்னொன்று. தாத்தாவுக்கும் சர்க்கரை, ஃபிரிட்ஜில் அவர் இன்சுலினும் இருக்கிறது என்றால், அது இதேபோன்ற குப்பியாக இருந்தாலும் வேறு வகையாக இருக்கலாம். பெரியவர்களுக்கு 30/70 என்ற கலவை இன்சுலின் கொடுப்பது சகஜம். நாயின் குப்பியைத் தனி டப்பாவில் போட்டு, நாய் பெயரைப் பெரிதாக எழுதி, வேறு தட்டில் வையுங்கள். தாத்தாவைக் காப்பாற்றவும் இது தேவை.

சிரிஞ்ச் வாங்கும்போது ஊசியின் நீளத்தையும் பாருங்கள். 8 மி.மீ. அல்லது 12.7 மி.மீ. நாய்க்குச் சரிவரும். மனிதருக்கு வரும் மிகக் குட்டை ஊசிகள் அடர்ந்த முடிக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு கோட்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள். சில சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு 1 யூனிட், சிலவற்றில் 2 யூனிட். கோட்டை எண்ணாமல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து எடுப்பவர்கள் இங்கே தப்பிப்பார்கள்.

4. மருந்தை வைக்கும் இடம்

2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல். கதவில் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடு ஏறி இறங்கும். ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது. உறைந்ததா என்று சந்தேகம் வந்தாலே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதுங்கள். வகையைப் பொறுத்துத் திறந்தபின் 4 முதல் 6 வாரம் வரை என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். சின்ன நாய் வைத்திருப்பவர்களுக்கு இங்கே மனசு வராது. 40 யூனிட் குப்பி 10 மில்லிலிட்டர் என்றால் மொத்தம் 400 யூனிட். தினம் 8 யூனிட் எடுத்தால் ஆறு வாரத்தில் 336 போகும், 64 மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று தோன்றும். நான் ஓட்டியிருக்கிறேன். அந்த வாரம் மீனுவின் சர்க்கரை ஏறியது மருந்தாலா வேறு எதனாலா என்று தெரியாமல் அலைந்ததில் செலவானது அந்த 64 யூனிட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

சித்திரை வெயிலில் மின்வெட்டு நீண்டால் மண்பானை கைகொடுக்கும். பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, குப்பியை பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து மூடுங்கள். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. வெளிச்சூட்டைவிடப் பல டிகிரி குறையும். மின்சாரம் வரும்வரை அது போதும்.

5. நாய்க்கு முன் சாத்துக்குடிக்கு

டாக்டர் கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டுவார், நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரல் எங்கே என்பதே மறந்துவிடும். அதனால் ஒரு சிரிஞ்சை எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் 4 கோடு வரை எடுத்து, ஒரு சாத்துக்குடியில் குத்திப் பழகுங்கள். பத்து முறை. தோலைத் தாண்டும்போது வரும் சின்னத் தடை, அதன்பின் வழுக்கிப் போவது இரண்டையும் விரல் கற்றுக்கொள்ளும். பழகிய சிரிஞ்சையும் பழத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நாய்க்கும் ஒரு பயிற்சி உண்டு. ஊசி இல்லாமல் இரண்டு மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பின் அதே இடத்தில் நிறுத்தி, முதுகுத்தோலைக் கிள்ளித் தூக்கி, விட்டுவிட்டுத் தட்டிக்கொடுங்கள். ஊசி உடனே தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஊசியோடு ஊசியாகப் பழகிக்கொள்ளும்.

6. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி

வரிசையில் புதியவர்கள் தலைகீழாக்குவது இதைத்தான். 'ஊசியைப் போட்டுவிட்டால் நிம்மதி, அப்புறம் சாதம் வைக்கலாம்' என்று நினைப்பார்கள். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. போட்டபின் நாய் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று அடுத்த சில மணி நேரம் நீங்கள் தேனும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாப்பாட்டை முதலில் வைத்துவிட்டால் எவ்வளவு போடுவது, போடலாமா என்பதற்குத் தட்டே பதில் சொல்லிவிடும்.

நேரத்தை உங்கள் வீட்டுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். ஆறும் ஆறும், அல்லது எட்டும் எட்டும். அரை மணி முன்பின் போனால் பெரிதில்லை. இரண்டு மணி தாமதம் அடிக்கடி நடந்தால் நேரத்தையே மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

சாப்பாடு ஒவ்வொரு வேளையும் அதே வகை, அதே அளவு. அளவுக்கு ஒரு டம்ளரை ஒதுக்கிவிடுங்கள். இன்சுலின் அளவு அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. வீட்டில் பாட்டி இருந்தால் இது கஷ்டம், எனக்குத் தெரியும். 'பாவம், ஒரே ஒரு பிஸ்கட்டுதானே' என்று நாளுக்கு ஆறு ஒரே ஒரு பிஸ்கட் போகும். பாட்டியிடம் சண்டை போடுவதைவிட, டாக்டர் சம்மதித்த நாலு துண்டு வேகவைத்த பீன்ஸை அவர் கையில் கொடுத்து 'இதைக் கொடுங்கள் பாட்டி' என்பது எங்கள் வீட்டில் வேலை செய்தது.

7. மருந்தை எடுப்பது

நாய் சாப்பிட்டு முடித்தபின் குப்பியை வெளியே எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முதலில் கலக்க வேண்டும். பால் போன்ற இன்சுலினில் மருந்து அடியில் படிந்திருக்கும். மனிதருக்கான என்.பி.எச். வகை என்றால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, முறுக்குத் திரி உருட்டுவது மாதிரி பத்து இருபது முறை மெதுவாக உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரைக்கும்; நுரை சிரிஞ்சில் ஏறினால் அளவு தவறும். நாய்களுக்கென்றே வரும் பன்றி இன்சுலினில் குலுக்கச் சொல்லும் வகையும் உண்டு, அதனால் உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். கலக்காமல் எடுத்தால் இன்று தண்ணியாகவும், குப்பி முடியும் நேரத்தில் கெட்டியாகவும் மருந்து போகும். கலக்கியபின்னும் கட்டி கட்டியாக மிதந்தாலோ, தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கலாக இருந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம்.

குப்பியின் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். சிரிஞ்சில் மருந்தின் அளவுக்கு (மீனுவுக்கு 4; உங்கள் நாய்க்கு டாக்டர் எழுதிய எண்) காற்றை இழுத்து, குப்பி நேராக நிற்கும்போது உள்ளே தள்ளுங்கள். காற்று தள்ளாமல் தினம் மருந்தை மட்டும் எடுத்தால் குப்பிக்குள் வெற்றிடம் உண்டாகி, சில நாளில் தண்டு பின்னுக்கே வராது.

பிறகு ஊசியைக் கழற்றாமல் குப்பியைத் தலைகீழாக்கி, அளவைவிட ஒன்றிரண்டு யூனிட் கூடுதலாக இழுங்கள். விரலால் சுண்டினால் குமிழி மேலே வரும். கூடுதலைக் குமிழியோடு சேர்த்துத் திரும்பத் தள்ளி 4-இல் நிறுத்துங்கள். தோலுக்கடியில் சின்னக் குமிழி போவதால் நாய்க்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் 4 யூனிட்டில் குமிழி பிடிக்கும் இடம் மருந்தின் இடம்.

கோட்டைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் படியுங்கள். கறுப்பு ரப்பரில் ஊசிப் பக்கம் இருக்கும் விளிம்புதான் கணக்கு. பின்பக்க விளிம்பு இல்லை. வீட்டில் இன்னொருவர் இருந்தால் எண்ணைச் சொல்லாமல் சிரிஞ்சை நீட்டி 'எவ்வளவு?' என்று கேளுங்கள். 'நாலு இருக்கா?' என்று கேட்டால் பார்க்காமலேயே 'இருக்கு' என்பார்கள்.

மூடியைப் போட்டு வைத்துவிட்டுக் குப்பியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மருந்தை முன்னிரவே சிரிஞ்சில் ஏற்றி வைப்பது வேண்டாம்.

8. இடம் தேர்வதும் நாயை நிறுத்துவதும்

தோள்பட்டைக்குப் பின்னால் தொடங்கி இடுப்புக்கு முன்னால் வரை, நடுமுதுகிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, இரண்டு பக்கமும். தோல் தளர்வாகத் தூக்க வரும் இடமாக இருக்க வேண்டும். பிடரியில் தோல் நிறைய இருப்பதால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. மருந்து சீராக உறிஞ்சப்படாது.

ஒரே இடத்தில் தினம் குத்தினால் தோலடியில் தடித்துக் கட்டியாகும், அதற்குள் போட்ட மருந்து எப்போது ரத்தத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது. காலையில் இடப்பக்கம், இரவில் வலப்பக்கம், தினமும் ஒரு விரல் அகலம் பின்னால் நகர்ந்து போவது என் முறை. இடுப்பை எட்டியதும் மறுபடி முன்னால். முடி மிக அடர்த்தி என்றால் அந்தப் பட்டையில் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள், தோல் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது மிகப் பெரிய தவறு. ஊசி வலிக்காது, அமுக்குவதுதான் பயமுறுத்தும். இரண்டாம் நாளே சிரிஞ்சைப் பார்த்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். சாப்பிட்ட இடத்திலேயே நிற்கட்டும். ஒருவர் எதிரில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிப் பேசிக்கொண்டிருந்தால் போதும். தனியாக இருந்தால் கழுத்துப் பட்டையை ஜன்னல் கம்பியில் தளர்வாகக் கட்டிவிட்டு, சாப்பாட்டிலேயே கடைசி ரெண்டு வாயை மிச்சம் பிடித்து அப்போது வையுங்கள். கடிக்கும் சுபாவம் என்றால் முகமூடி போடக் கூச்சப்படாதீர்கள்.

சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை போய்விடும். அப்படிப்பட்ட நாயைத் தொடும்முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மீனு என்னைக் கடித்த ஒரே நாள், நான் பேசாமல் பின்னாலிருந்து தொட்ட நாள்.

9. குத்துவது

சிரிஞ்சைப் பேனா பிடிப்பது போல வலக்கையில் பிடியுங்கள். கட்டைவிரல் இப்போது தண்டின் மேல் இருக்கக் கூடாது. நாய் அசைந்தால் மருந்து வெளியே போய்விடும்.

இடக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் தோலைத் தூக்குங்கள். முடியை அல்ல, தோலை. தூக்கியதும் கூடாரம் மாதிரி நிற்கும், அதன் அடிவாரத்தில் விரல்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். ஊசி போக வேண்டியது அந்தக் குழிக்குள். கூடாரத்தின் உச்சியில் குத்தினால் இரண்டு தோலும் ஒட்டி இருக்கும், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். சில சமயம் உங்கள் ஆள்காட்டி விரலுக்கே வந்துவிடும்.

முதுகுக்கு 45 டிகிரி சாய்வாக, ஒரே சீரான வேகத்தில், ஊசி முழுவதும் உள்ளே போகும்வரை தள்ளுங்கள். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் வலிக்கும். மெல்லத் தொட்டுப் பார்த்துக் குத்தினால் நாய் ஒவ்வொரு தொடுதலுக்கும் தோலைச் சிலிர்க்கும். இன்சுலின் ஊசி முடி போல மெலிது. நேராகப் போனால் பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

உள்ளே போனபின் கட்டைவிரலைத் தண்டுக்குக் கொண்டுவாருங்கள். தண்டை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு: ரத்தம் வந்தால் ரத்தக்குழாயில் இருக்கிறீர்கள், காற்று வந்தால் மறுபக்கம் வெளியே இருக்கிறீர்கள். உங்கள் டாக்டர் சொன்னால் செய்யுங்கள். தொடக்கத்தில் அந்த இழுப்பிலேயே ஊசி வெளியே வந்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தண்டை முழுவதும் அழுத்துங்கள். அழுத்தியபடியே மனதுக்குள் ஐந்து எண்ணி, அதன்பிறகு ஊசியை நுழைந்த வழியே வெளியே எடுங்கள். உடனே உருவினால் கடைசித் துளி முடியில் நிற்கும். 4 யூனிட்டில் ஒரு துளி சின்ன விஷயம் இல்லை. தோலை விடுங்கள், தட்டிக்கொடுங்கள். தேய்த்துவிடாதீர்கள், தேய்த்தால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சப்படும்.

குத்துமுன் தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது பற்றிக் கேட்பார்கள். சுத்தமான நாய்க்கு அவசியமில்லை. ஈரம் காயாமல் குத்தினால் எரியும், முடி நனைந்திருந்தால் மருந்து சிந்தியதா என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

10. உள்ளே போனதா, வெளியே போனதா

எடுத்தவுடன் குத்திய இடத்தை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஒரு வாசனை உண்டு, ஒருமுறை பழகினால் மறக்காது. விரல் ஈரமாகி அந்த வாசனை அடித்தால் கொஞ்சமோ முழுவதுமோ வெளியே போயிருக்கிறது.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுபடி போடாமல் இருப்பது. எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை சில மணி நேரம் ஏறி நிற்கும், அடுத்த வேளையில் சரியாகும். இரண்டு முறை போனால் நாய் உயிருக்கே ஆபத்து. மறந்துபோன வேளைக்கும் இதே கணக்கு. விட்டதை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

11. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்

நான் கேள்விப்பட்ட தவறுகளிலேயே அதிகம் நடப்பது இது: காலையில் கணவர் ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போவார், அரைமணி கழித்து மனைவி எழுந்து இன்னொரு ஊசி போடுவார். இரண்டு பேரும் பொறுப்பானவர்கள் என்பதுதான் காரணம்.

தேதி, காலை, இரவு, சாப்பிட்ட அளவு, யூனிட், போட்டவர். ஆறு கட்டம் போதும். போட்டவுடன் குறிக்க வேண்டும். குறித்திருக்கிறதா என்று பார்க்காமல் குப்பியைத் தொடக் கூடாது. தாளைக் குப்பி இருக்கும் ஃபிரிட்ஜின் கதவிலேயே ஒட்டினால் பார்க்காமல் எடுக்க முடியாது. வீட்டு வாட்ஸாப் குழுவில் போடலாம் என்று நாங்களும் முயன்றோம். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் காணாமல் போனது. தாள்தான் நின்றது.

எவ்வளவு தண்ணீர் குடித்தது, மூத்திரம் எத்தனை தடவை, வாரம் ஒருமுறை எடை ஆகியவற்றையும் எழுதினால் டாக்டர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. வீட்டு க்ளூக்கோமீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களே கூட்டாதீர்கள். மனிதருக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஒரு நேரத்து எண்ணை வைத்து அளவை முடிவு செய்யவும் முடியாது. நாள் முழுக்கச் சில மணிக்கு ஒருமுறை எடுத்து வரையும் கோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்றுவார்.

12. சர்க்கரை தாழ்ந்தால்

முதல் ஊசிக்கு முன்பே இது மனப்பாடமாக இருக்க வேண்டும். தேனோ குளுக்கோஸ் பொடியோ குப்பி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தள்ளாடும், நிற்க முடியாமல் சோரும், நடுங்கும், கூப்பிட்டால் யார் என்று தெரியாதது போலப் பார்க்கும், சுவரில் முட்டும். மோசமானால் வலிப்பு, பிறகு மயக்கம். ரத்தச் சர்க்கரை 60 மி.கி./டெ.லி.க்குக் கீழே என்றால் இந்த நிலை. மீட்டரைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். சந்தேகம் என்றாலே சர்க்கரை கொடுங்கள். சர்க்கரை கொஞ்சம் ஏறியதால் இன்று ஒன்றும் ஆகாது.

நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் சாப்பாடு வையுங்கள், சாப்பிடாவிட்டால் ஒரு தேக்கரண்டி தேனை நக்கக் கொடுங்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தேனை, அல்லது சில சொட்டுத் தண்ணீரில் குழைத்த குளுக்கோஸை விரலில் எடுத்து, உதட்டைத் தூக்கி ஈறில் தேயுங்கள். பல்லுக்கு நடுவில் விரல் போகக் கூடாது. தேய்த்துக்கொண்டே வண்டிக்குச் சொல்லுங்கள். எழுந்து வாலாட்டினாலும் டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும், இன்சுலின் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால் மறுபடி விழலாம். அடுத்த ஊசி அவர் சொன்னபின்தான்.

பதற்றத்தில் 'சுகர் ஃப்ரீ' டப்பாவை எடுத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரை இல்லை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு விஷம். சர்க்கரையை இன்னும் கீழே தள்ளும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு அவசரம் உண்டு. பல நாளாகச் சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும் நாய் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு படுத்து, மூச்சில் நெயில் பாலிஷ் கழுவும் திரவம் போல வாசனை வந்தால் அது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிய நிலை. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, உடனே கிளம்புங்கள்.

13. பயன்படுத்திய ஊசி

ஒரு ஊசி ஒரு முறை. இரண்டாம் முறை முனை மழுங்கியிருக்கும், கிருமியும் குப்பிக்குள் போகும். நாய் திடீரென்று ஊசிக்குச் சிணுங்க ஆரம்பித்தால், வீட்டில் யாரோ சிக்கனம் பிடிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

போட்டபின் மூடியைக் கையில் பிடித்துத் திரும்பப் போடாதீர்கள். வீட்டாருக்கு ஊசி குத்துவது அந்த நொடியில்தான். கெட்டியான பினாயில் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் பக்கத்தில் வையுங்கள், சிரிஞ்சை ஊசியோடு நேரே அதில் போட்டு மூடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை டேப் ஒட்டி, 'ஊசிகள்' என்று எழுதி, உங்கள் கிளினிக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய ஊசியை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டு வாளியிலும் அதற்கு இடமில்லை. தூய்மைப் பணியாளர் கையால் பிரிப்பார் என்பதை மறக்காதீர்கள்.

14. ஊருக்குப் போக வேண்டியிருந்தால்

நாயோடு போனால் குப்பியை வாய் அகன்ற பிளாஸ்கில் வையுங்கள். ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வையுங்கள். நேரே ஒட்டினால் உறைந்துவிடும். காரின் டேஷ்போர்டிலோ டிக்கியிலோ வேண்டாம்.

நாயை விட்டுப் போனால் ஊசி போடப்போகிறவரை இரண்டு நாள் முன்பே வரச்சொல்லி, நாலு வேளை உங்கள் கண்முன்னால் அவரே எடுத்து அவரே போடட்டும். குத்துவதைவிட அவர் கோட்டைப் படிப்பதைக் கவனியுங்கள். சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை ஒரு நகல் எடுத்து, வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.